ஒரு டம்ளர் காபியில் விவசாயிக்கு எவ்வளவு?



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் காபித் தோட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காரைக்கால் பகுதியில் தேடினாலும் ஒரு காபிச் செடி கிடைக்காது. நெல், உளுந்து, பருத்தி, கடலுக்குப் போனால் மீன், இதுதான் நம் ஊர். காபிச் செடியைப் பார்க்க வேண்டுமென்றால் ஏற்காட்டுக்கோ, கொல்லிமலைக்கோ, திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கோ போக வேண்டும். ஆனால் காபி இல்லாமல் நம் ஊரில் பொழுது விடிகிறதா? முதல் பீரியடுக்கு முன்னால் ஒரு காபி, லேப் முடிந்தால் ஒரு காபி, அரியர் ரிசல்ட் வந்தால் (எந்தப் பக்கம் வந்தாலும்) ஒரு காபி!

நான் காபிப் பிரியன். எங்கள் தெருவில் அது கொஞ்சம் அதிகப்படியான ஆசை. பாட்டி காலத்தில் வீட்டில் காலையில் நீராகாரம்தான். காய்ச்சல், தலைவலி என்றால் கருப்பட்டி போட்ட வரக்காபி. பால் விட்ட பில்டர் காபியெல்லாம் "வசதியுள்ளவங்க குடிக்கிறது" என்பார்கள். எனக்கு அந்தச் சுவை பழகியதற்குக் காரணம் என் அப்பா. அவர் ஒரு டீக்கடையில் மாஸ்டர். வயிற்றுக்குச் சோறு போட்டதும், இப்போது எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டுவதும் அந்த டிகாஷன்தான். ஆகவே இந்தக் கணக்கைப் போட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு டம்ளரைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு காபிக்கு ஏறக்குறைய 10 கிராம் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 சதவீதம் சிக்கரி. மீதி 7 கிராம்தான் காபி. பச்சைக் கொட்டையை வறுக்கும்போது ஈரம் போய் எடை 15 முதல் 20 சதவீதம் வரை குறையும். அப்படியானால் 7 கிராம் தூளுக்குச் சுமார் 8.4 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். அந்தக் கொட்டை கிடைக்க, செடியிலிருந்து பறித்த சிவப்புப் பழம் ஐந்து, ஆறு மடங்கு எடையில் வேண்டும். அதாவது ஒரு கைப்பிடிப் பழம். இவ்வளவுதான் ஒரு டம்ளருக்குள் இருக்கும் விவசாயம்.

இப்போது விலைக்கு வருவோம். 2001-ம் ஆண்டின் கடைசியில் உலகச் சந்தையில் அராபிகா காபி 1 பவுண்டு எடை 50 சென்டுக்கும் கீழே போய்விட்டது. 45 சென்ட் என்று வைத்தால் கிலோ ஏறக்குறைய 1 டாலர். அன்றைய டாலர் சுமார் 47 ரூபாய். நம் 8.4 கிராமுக்கு எவ்வளவு? 39 காசு! 2025 பிப்ரவரியில் அதே அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. டாலர் 87 ரூபாய் என்று போட்டால் அதே 8.4 கிராம் 6 ரூபாய் 40 காசுக்கு மேல். (கடைத் தூளில் ரொபஸ்டாவும் கலந்திருக்கும், உள்ளூர் விலையிலும் வித்தியாசம் உண்டு. ஆகவே இதை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளவும்.)

39 காசு எங்கே, 6 ரூபாய் 40 காசு எங்கே? ரூபாய்க் கணக்கில் பதினாறு மடங்கு. டாலரில் பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. கொட்டை 39 காசுக்கு விழுந்த அந்த நாளில் கடையில் காபி விலை பாதியானதா? அப்பாவிடம் கேட்டேன். "தூள் வெல ஏறுனா மொதலாளி ரேட்ட ஏத்துவாரு தம்பி. எறக்கி நான் பாத்ததில்ல" என்றார். அவர் முதலாளியைக் குறை சொல்லவில்லை. பால், சர்க்கரை, கேஸ், வாடகை, கூலி எல்லாம் டம்ளருக்குள்தான் இருக்கிறது. அவை இறங்குவதில்லை. கொட்டையின் விலை மட்டும்தான் ராட்டினம் போல ஏறி இறங்குகிறது. அந்த ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பவர் விவசாயி.

சரி, அந்த விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்? குடகிலோ சிக்கமகளூரிலோ அல்ல. அராபிகாவுக்கு நியூயார்க், ரொபஸ்டாவுக்கு லண்டன். அங்கே பல மாதங்களுக்குப் பிறகு கொடுக்க வேண்டிய காபியை இன்றே விலை பேசி விற்கிறார்கள், வாங்குகிறார்கள். வாங்குபவர்களில் பாதிப் பேர் காபி மூட்டையைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார்கள் போலிருக்கிறது. காகிதத்தை வாங்கிக் காகிதத்தை விற்பார்கள். அந்த விலைதான் ஏற்றுமதியாளர், பதப்படுத்தும் ஆலை, ஊர் வியாபாரி என்று ஒவ்வொருவரும் தன் பங்கைக் கழித்துக்கொண்ட பிறகு மலைக்கு வந்து சேர்கிறது. இந்தியக் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏற்றுமதி ஆகிறது. ஆகவே நாம் உள்ளூரில் குடிக்கும் மீதிக்கும் அந்த வெளிநாட்டு விலையே அளவுகோல்.

விவசாயி விற்பதும் நாம் நினைக்கும் காபிக்கொட்டை அல்ல. அராபிகாவைப் பெரும்பாலும் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, உலர்த்தி 'பார்ச்மென்ட்' ஆக விற்கிறார்கள். ரொபஸ்டாவைப் பெரும்பாலும் பழத்தோடு காயவைத்து 'செர்ரி' ஆக விற்கிறார்கள். கர்நாடகத்தில் இரண்டுக்கும் 50 கிலோ மூட்டைக் கணக்கில் விலை. ஆனால் 50 கிலோ பார்ச்மென்ட்டை உமி நீக்கினால் சுமார் 40 கிலோ கொட்டை வரும். 50 கிலோ ரொபஸ்டா செர்ரியில் 26, 27 கிலோதான் வரும். இதற்கு 'அவுட்டர்ன்' என்று பெயர். வியாபாரி மாதிரி எடுத்து, ஈரம் பார்த்து, அவுட்டர்ன் பார்த்து விலை சொல்வார். நம் பட்டறை லேப்பில் வெர்னியர் காலிபரில் 0.02 மில்லிமீட்டர் பிழைக்கே மார்க் குறைகிறது. அங்கே அவுட்டர்ன் ஒரு கிலோ குறைத்துச் சொன்னால் ஒரு மூட்டைக்குச் சில நூறு ரூபாய் போய்விடும். அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் முள் சாயும். நெல் களத்தில் ஈரப்பதம் பார்க்கும் மீட்டரைச் சுற்றி நடக்கும் வாக்குவாதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இன்னொரு விஷயம். நெல் விலை சரியில்லை என்றால் அடுத்த போகத்தில் உளுந்து போடலாம், பருத்தி போடலாம். காபிச் செடி நட்டால் காய்ப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள். பிறகு பல பத்தாண்டுகள் அது நிற்கும். விலை விழுந்தது என்று பிடுங்கிப் போட முடியாது. விலை ஏறியது என்று உடனே விளைவிக்கவும் முடியாது. 1994 ஜூன், ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்தது. உலகக் காபியில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டில்தான் விளைகிறது. விலை சில வாரங்களில் இரட்டிப்பானது. விலை ஏறியதும் பல நாடுகளில் செடி நட்டார்கள். முக்கியமாக வியட்நாமில். 1990-ல் காபி வரைபடத்தில் சிறு புள்ளியாக இருந்த வியட்நாம் 2000 வாக்கில் பிரேசிலுக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது. எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் காய்த்தது. அதன் விளைவுதான் மேலே பார்த்த 39 காசு. அந்த ஆண்டுகளில் வயநாட்டில் மிளகும் காபியும் ஒருசேர விழுந்து, கடன் கட்ட முடியாத விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒரு நாட்டு விவசாயி உழைத்து முன்னேறியதற்கு இன்னொரு நாட்டு விவசாயி உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. இதில் வியட்நாம்காரன் மேல் என்ன தப்பு? எனக்குத் தெரிந்தவரை ஒன்றுமில்லை.

எஞ்சின் படிக்கும் நமக்கு ஃபிளைவீல் தெரியும். பவர் ஸ்ட்ரோக்கில் வரும் அதிக சக்தியை வாங்கி வைத்துக்கொண்டு, மற்ற ஸ்ட்ரோக்குகளில் திருப்பித் தரும். அது இல்லாவிட்டால் எஞ்சின் உதறும். காபிக்கு அப்படி ஒரு ஃபிளைவீல் இருந்ததா? இருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது நம் நாட்டிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு, விளைந்த காபியை வாங்க ஆளில்லாமல் போனது. அப்போது 1942-ல் சட்டம் இயற்றி, விளைச்சலைக் காபி போர்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வைத்தார்கள். எல்லாரின் காபியும் ஒரே தொகுப்பு. போர்டு ஏலம் விட்டு விற்கும். வந்த பணத்தைத் தரத்துக்கும் எடைக்கும் தக்கபடி புள்ளி போட்டு எல்லாருக்கும் பங்கிடும். நூறு ஏக்கர்காரருக்கும் இரண்டு ஏக்கர்காரருக்கும் ஒரே தரத்துக்கு ஒரே விலை. ஊர் வியாபாரியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. இது ஐம்பது ஆண்டு நடந்தது.

இரண்டாவது உலக அளவில் இருந்தது. 1962-ல் விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து சர்வதேசக் காபி ஒப்பந்தம் செய்தன. இன்ன நாடு இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வைத்து, விலை அடியோடு விழாமல் பார்த்துக்கொண்டார்கள். 1989 ஜூலையில் அந்த அளவுமுறை முறிந்தது. சில மாதங்களில் உலக விலை ஏறக்குறைய பாதியானது. அதன்பின் 1991-ல் சோவியத் யூனியன் சிதறியது. ரூபாய் வர்த்தகத்தில் நம் காபியை மூட்டை மூட்டையாக வாங்கிய பெரிய வாடிக்கையாளர் அது.

இரண்டு அடி விழுந்ததும் காபி போர்டின் தொகுப்பு ஆட்டம் கண்டது. 1992 முதல் கொஞ்சம் கொஞ்சமாக, உன் விளைச்சலில் இத்தனை சதவீதம் நீயே விற்கலாம் என்று தளர்த்தி, 1996-ல் முழுவதையும் அவரவரே விற்கலாம் என்று விட்டார்கள். பழைய முறை பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பணம் தவணை தவணையாக வரும், கடைசித் தவணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், உலக விலை ஏறினாலும் அந்த லாபம் முழுதாகக் கைக்கு வராது. ஆகவே விவசாயிகளே சுதந்திர விற்பனை கேட்டார்கள். 1994 உறைபனி அவர்கள் கேட்ட நேரத்தில் வந்தது, விலை ஏறியது, எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஐந்தாறு ஆண்டில் விலை விழுந்தபோது தாங்கிப் பிடிக்கத் தொகுப்பு இல்லை. ஃபிளைவீல் கனமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டால் எஞ்சின் கொஞ்ச நேரம் சீறிப் பாயத்தான் செய்யும்.

நம் டெல்டாக்காரர்களுக்கு உடனே தோன்றும் கேள்வி: காபிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாதா? கிடையாது. நெல்லுக்கு உண்டு. 2025-26-க்குச் சாதாரண ரகம் குவிண்டால் 2,369 ரூபாய். விதைப்பதற்கு முன்பே தெரியும். கொள்முதல் நிலையம் திறக்கத் தாமதமானால் நம் ஊரிலும் வியாபாரி சொன்னதுதான் விலை என்பது வேறு கதை. ஆனால் பேரம் பேசும்போது சொல்வதற்காவது ஓர் எண் இருக்கிறது. ஆதரவு விலைப் பட்டியலில் உள்ள இருபத்திரண்டு பயிர்களில் காபி இல்லை. காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதே. நெல்லை வாங்கும் அரசு அதை ரேஷனில் கொடுத்துத் தீர்க்கலாம். காபியை வாங்கி என்ன செய்வது? விளைச்சலில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு.

இங்கே கும்பகோணத்தை நினைக்காமல் இருக்க முடியாது. டிகிரி காபிக்கு மட்டுமல்ல, விவசாய விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனுக்கும் அதுதான் சொந்த ஊர். அவர் தலைமையில் 2004-ல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், விளைவிக்கும் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்றது. செலவு என்றால் எந்தச் செலவு என்பதில்தான் சண்டையே. விதை, உரம், கூலி என்று கையை விட்டுப் போன பணம் மட்டுமா? வீட்டு ஆட்கள் உழைத்த உழைப்பையும் சேர்ப்பதா? சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி இவற்றையும் சேர்ப்பதா? அரசு இன்று எடுத்துக்கொள்வது முதல் இரண்டை மட்டும். விவசாயச் சங்கங்கள் கேட்பது மூன்றையும். நியாய விலை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. நியாய விலை என்றால் அதிக விலை அல்ல. செலவை முழுதாக எண்ணி, அதன்மேல் குடும்பம் நடத்தக் கொஞ்சம் வைத்து, முன்கூட்டியே சொல்லப்படும் விலை. 2025-ல் காபி விலை உச்சத்துக்குப் போனது நல்லதுதான். ஆனால் வறட்சியில் பிரேசிலிலும் வியட்நாமிலும் விளைச்சல் குறைந்ததால் கிடைத்த விலையை எத்தனை நாளைக்கு நம்புவது? அதை வைத்துக் கடன் வாங்கலாமா, பெண்ணுக்குக் கல்யாணம் பேசலாமா?

அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2003-ல் காபி, தேயிலை, ரப்பர், புகையிலை சிறு விவசாயிகளுக்கு 500 கோடி ரூபாயில் விலை நிலைப்படுத்தும் நிதி ஒன்று வந்தது. விலை மிகவும் விழுந்த ஆண்டில் விவசாயியின் கணக்கில் அரசு பணம் போடும், நன்றாக ஏறிய ஆண்டில் விவசாயி போட வேண்டும். யோசனை அருமையான யோசனை, அசல் ஃபிளைவீல்! ஆனால் போட்ட தொகை எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 1,000 ரூபாய். நாலு ஏக்கர் காபிக்காரருக்கு அது உர மூட்டைக்கே காணாது. சேர்ந்தவர்கள் குறைவு. 2013-ல் திட்டம் முடிந்துபோனது.

வெளிநாட்டில் வேறு விதமாக முயன்றார்கள். 1988-ல் நெதர்லாந்தில் 'மாக்ஸ் ஹாவலார்' என்று ஒரு முத்திரை வந்தது. ஜாவா தீவில் டச்சுக்காரர்கள் விவசாயிகளைப் படுத்திய பாட்டைச் சொல்லும் 1860-ம் ஆண்டு நாவலின் பெயர் அது. இந்த முத்திரை உள்ள காபிக்கு, சந்தை எவ்வளவு விழுந்தாலும் ஒரு தரை விலைக்குக் கீழே வாங்கக் கூடாது. இன்று 'ஃபேர் டிரேட்' என்று சொல்வது இதன் வாரிசு. கழுவிய அராபிகாவுக்கு 2011 முதல் பவுண்டு 1 டாலர் 40 சென்ட், 2023 ஆகஸ்டு முதல் 1 டாலர் 80 சென்ட் தரை விலை. அதற்குமேல் 20 சென்ட் ஊர்ப் பொதுக் காரியத்துக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் சேரச் சிறு விவசாயிகள் சங்கமாக இருக்க வேண்டும், தணிக்கைக்குச் செலவு செய்ய வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். எங்கள் வீட்டில் வங்கிப் படிவம் நிரப்புகிற முதல் ஆள் நான் என்பதால் இதன் கனம் எனக்குத் தெரியும்.

ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் சங்கம் சேர்ந்து விற்கிறார்கள். அங்கே 1956 முதல் உள்ள கிரிஜன் கூட்டுறவுக் கழகம் காபிக்குக் கொள்முதல் விலையை அறிவித்து வாங்குகிறது. ஓர் எண் முன்கூட்டியே தெரிவதால் வெளி வியாபாரியும் அதற்குக் கீழே கேட்கத் தயங்குவார்.

இதுவரை விவசாயி, விவசாயி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பழத்தைப் பறிப்பவர் யார்? பெரும்பாலும் வேறு ஆள். என் அம்மா நடவுக்குப் போகிறவர். நெல் விலை குவிண்டாலுக்கு நூறு ரூபாய் ஏறிய ஆண்டில் நடவுக் கூலி அதே அளவில் ஏறியதா என்று அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். காபியிலும் அப்படித்தான். பறிப்புக் காலத்தில் கிலோ கணக்கில் கூலி. பழுத்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும், காயைப் பறித்தால் சுவை கெடும். தமிழர்களுக்கு இந்த வேலை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை, திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து கண்டிச் சீமைக்குக் கால்நடையாகப் போனவர்கள் முதலில் பறித்தது தேயிலை அல்ல, காபி. 1869-ல் அங்கே இலைத்துரு நோய் வந்து காபி அழிந்த பிறகுதான் தேயிலை வந்தது.

கூலிக்காரர் பங்கு கேட்டுப் பெற்ற கதையும் காபியில் ஒன்று உண்டு. விற்காத காபியை நம் ஆட்களையே குடிக்கவைக்க 1936-ல் பம்பாயில் தொடங்கிய காபி ஹவுஸ்களை, 1950-களில் காபி போர்டு மூட முடிவு செய்தது. வேலை போன ஊழியர்கள் ஏ.கே.கோபாலன் வழிகாட்டலில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 1957 முதல் தாங்களே நடத்தினார்கள். புதுச்சேரி நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் அந்த வழியில் வந்ததுதான். அங்கே பரிமாறுபவரே பங்குதாரர். தோட்டத்தில் இது ஏன் பரவவில்லை என்று எனக்கு ஆச்சரியம்.

கடைசியாகச் சிக்கரி. கலப்படம் என்று யாரும் பதற வேண்டாம், சட்டமே அனுமதிக்கிறது. கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட வேண்டும். கொட்டை விலை ஏறும்போது டம்ளர் விலையை ஏற்றாமல் சமாளிக்க எளிய வழி சிக்கரியைக் கூட்டுவது. 80-க்கு 20 என்று இருந்தது 60-க்கு 40 ஆகும். டிகாஷன் கருப்பாகவே இருக்கும், நமக்குத் தெரியாது. "நாக்குக்குத் தெரியும், ஆனா யாரும் கேக்க மாட்டாங்க" என்கிறார் அப்பா. கேட்பதற்கு அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால் போதும்.

1994-ல் விலை ஏறியதைப் பார்த்து நட்ட செடிகள் 2000-ல் என்ன செய்தன என்று பார்த்தோம். 2025 விலையைப் பார்த்து ஆசையோடு யாராவது நட்டிருந்தால் அந்தச் செடிகள் 2029 வாக்கில் காய்க்கத் தொடங்கும்.